அதே கதை, வேறொருவர் கண்ணில்: துணைக்கதை எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

துணைக்கதை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு கதையில் ஓரமாக வந்துபோகும் ஒருவரை நடுவில் வைத்து, அதே சம்பவங்களை அவர் பக்கத்திலிருந்து சொல்லும் கதையைத்தான். தொடர்ச்சிக் கதை, மூலக்கதை முடிந்த பிறகு தொடங்கும். முன்கதை, அது தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். துணைக்கதை மட்டும் மூலக்கதை நடக்கிற அதே நாட்களிலேயே, அதே ஆட்களுக்கு நடுவே நடக்கிறது. அதனால் இதில் கட்டுப்பாடு அதிகம். மூலத்தில் செவ்வாய்க்கிழமை செத்தவர் உங்கள் கதையில் புதன்கிழமை காபி குடிக்க முடியாது.

இது மேல்நாட்டிலிருந்து வந்த வடிவம்தானே?

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சங்க அகப்பாடல் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் கூற்று. தலைவி வீட்டைவிட்டுத் தலைவனோடு போய்விட்டாள் என்ற ஒரே நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கிடந்து புலம்பும் நற்றாய் ஒரு பாட்டில் பேசுகிறாள். தேடிக்கொண்டு போய்க் கால் ஓய்ந்து நிற்கும் செவிலித்தாய் இன்னொரு பாட்டில் பேசுகிறாள். குறுந்தொகையின் ஏழாவது பாட்டில் வழியில் எதிரே வந்தவர்கள் பேசுகிறார்கள். அவர்களுக்கு அந்த இருவரும் யாரென்றே தெரியாது. அவன் காலில் கழலும் அவள் காலில் சிலம்பும் இருப்பதைப் பார்த்து, யாரோ பாவம் என்று இரங்குகிறார்கள், அவ்வளவுதான். யார் எந்தச் சமயத்தில் பேசலாம் என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் வகுத்தே வைத்திருக்கிறது. ஒரு நிகழ்ச்சிக்குப் பல வாய்கள் உண்டு என்பது நமக்குப் பழகிய விஷயம்.

உரைநடைக்கு வந்தால், புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'சாபவிமோசனம்' இருக்கிறது. ராமாயணத்தில் அகலிகையின் பங்கு சாபம் தீர்ந்து எழுவதோடு முடிந்துவிடுகிறது. அவர் அதற்குப் பிறகும் அவளோடு போகிறார். ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே அகலிகை கேட்கும் இடம் வரை போகிறார்.

ஆங்கிலத்தில் அதிகம் பேசப்படுவது ஜீன் ரைஸ் 1966-ல் வெளியிட்ட 'வைட் சர்காசோ சீ'. 1847-ல் வந்த 'ஜேன் ஏர்' நாவலில் மாடியறையில் பூட்டிவைக்கப்பட்ட மனைவி, சிரிப்புச் சத்தமாகவும் உறுமலாகவும் மட்டுமே நமக்கு அறிமுகமாகிறாள். ரைஸ் அவளுக்கு ஒரு குழந்தைப்பருவத்தைக் கொடுத்தார், கரீபியத் தீவில் ஒரு வீட்டைக் கொடுத்தார், கணவன் மாற்றிவிட்ட அவளுடைய பழைய பெயரையும் கொடுத்தார். ரைஸே டொமினிக்கா தீவில் பிறந்தவர் என்பதையும் சேர்த்துப் படித்தால், அவருக்கு ஏன் அந்த அறைக் கதவைத் திறக்கத் தோன்றியது என்று புரியும்.

எந்தப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது?

இதில் அவசரப்பட வேண்டாம். பெரும்பாலானவர்கள் மூலத்தில் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தை எடுக்கிறார்கள். பிடித்திருந்தால் மட்டும் போதாது. நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். மூலக்கதையே நடக்காமல் போயிருந்தாலும் அந்த ஆளுக்குச் சொந்தமாக ஒரு கவலையோ ஆசையோ இருந்திருக்குமா? மூலத்தின் முக்கியமான கட்டங்களில் சிலவற்றுக்காவது அவர் அருகில் இருந்தாரா? முக்கியமான ஏதோ ஒன்று அவருக்குத் தெரியாமலே நடந்ததா? மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எல்லாம் தெரிந்த துணைப்பாத்திரத்தால் பயனில்லை. ஒட்டுக்கேட்டு, சாவித் துவாரம் வழியாகப் பார்த்து எல்லாவற்றையும் அறிந்துகொள்ளும் வேலைக்காரர், நாயகன் கதையை மறுபடி ஒப்பிக்கத்தான் உதவுவார். அவருக்கு எது தெரியாது என்பதில்தான் உங்கள் கதை இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சிலப்பதிகாரத்தில் மதுரையின் ஆயர்குலப் பெண் மாதரியின் மகள் ஐயை. சமணத் துறவியான கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி தன் மகளை அவளுக்கு உதவியாக விடுகிறாள். ஐயை வைக்கோலைப் பற்றவைத்து அடுப்பு மூட்டித் தர, கண்ணகி கோவலனுக்குச் சமைக்கிறாள். அவன் சாப்பிட்டு, சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். கொஞ்ச நேரத்தில் உறை ஊற்றிய பால் தோயவில்லை, வெண்ணெய் உருகவில்லை, மாடுகள் மிரள்கின்றன. கெட்டது வரப்போகிறதென்று ஆய்ச்சியர் குரவை ஆடுகிறார்கள். பிறகு நகரத்திலிருந்து செய்தி வருகிறது.

நமக்குக் கண்ணகியோடு அரண்மனைக்குப் போகத் தோன்றும். ஐயை போகவில்லையே. அரசவையில் சிலம்பு உடைந்ததையோ பாண்டியன் விழுந்து இறந்ததையோ அவள் பார்க்கவில்லை. அவள் இழந்தது வேறு. அடைக்கலத்தைக் காக்க முடியாமல் போனதே என்று மாதரி தீயில் விழுந்து உயிரை விட்டாள். காப்பியத்தில் இந்தச் செய்தி பின்னால், மாடலன் என்ற மறையவன் சேர மன்னனிடம் சொல்லும் பேச்சோடு பேச்சாகத்தான் வருகிறது. அதற்கும் அப்புறம், புகாரிலிருந்து வந்த கண்ணகியின் தோழி தேவந்தி முதலியவர்களோடு சேர்ந்து வையைக் கரையோடு நடந்து, மலையேறி, சேரநாட்டுக் கண்ணகி கோயிலுக்கு வந்து நிற்கிறாள் ஐயை. இவள் மாமியின் மகள், பார்த்தாயா என்று ஒரு பாட்டில் அவளைச் சுட்டிக்காட்டுகிறார்கள்.

நடுவில் என்ன ஆயிற்று? ஒரு நாள் விருந்தாளியாக வந்தவளால் அம்மா போய்விட்டாள். அந்தப் பெண் கண்ணகியை நினைத்து அழுதாளா, அவள் மேல் கோபப்பட்டாளா? கோவலன் கடைசியாகச் சாப்பிட்ட சோற்றுக்கு அடுப்பு மூட்டிய கை தன்னுடையது என்று நினைத்தாளா? தன் தாய் சாகக் காரணமானவளையே தெய்வமாகக் கும்பிட அவ்வளவு தூரம் ஏன் நடந்தாள்? மூலம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேள்வி எழுவதற்கு வேண்டிய எல்லாத் தகவலையும் அது கொடுத்திருக்கிறது. இப்படி ஓர் ஆள் கிடைத்தால் மற்ற பாத்திரங்களை மறந்துவிடலாம்.

மூலத்தில் நடந்ததை மாற்றலாமா?

நடந்ததையும், ஊரறியப் பேசியதையும் மாற்ற வேண்டாம் என்பேன். ஏன் நடந்தது, யாருக்கு எப்படிப் பட்டது என்பதெல்லாம் உங்களுடையது. மூலத்தில் ஒருத்தி கல்யாணத்துக்கு வரவில்லை என்றால் உங்கள் கதையிலும் அவள் வரக்கூடாது. ஆனால் பஸ் நிறுத்தம் வரை வந்து திரும்பிப் போனாள் என்று நீங்கள் எழுதலாம். அதைத் தடுக்க மூலத்தில் எதுவும் இல்லை.

மூலம் தன்மையில், ஒரு பாத்திரத்தின் வாய்வழியாகச் சொல்லப்பட்டிருந்தால் பிடி கொஞ்சம் தளரும். அந்த ஆள் பொய் சொல்லியிருக்கலாம், மறந்திருக்கலாம், தனக்குச் சாதகமாக நினைவு வைத்திருக்கலாம். அப்போது ஒரே உரையாடல் இரண்டு கதைகளிலும் வேறு வேறாக இருந்தாலும் குற்றமில்லை. ஒன்று மட்டும்: வித்தியாசம் வேண்டுமென்றே செய்தது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். சின்ன விவரங்களில் கவனமாக இருந்தால்தான் பெரிய மாற்றத்தை அவர் நம்புவார்.

மூலத்தோடு சண்டை போடுவதற்காகவே எழுதுபவர்களும் உண்டு. புதுமைப்பித்தனின் அகலிகை கடைசியில் மறுபடி கல்லாகிறாள். வால்மீகியும் கம்பனும் அப்படிச் சொல்லவில்லை. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று கதைக்கு முன்னாலேயே அவர் எழுதிவிட்டார். அந்தத் தெளிவு இருந்தால் மாற்றுங்கள்.

மூலத்தில் வந்த காட்சியை மறுபடி எழுதும்போது வசனங்களை அப்படியே போட வேண்டுமா?

கூடியவரை குறையுங்கள். இந்த வடிவத்தில் வாசகர் அலுத்துப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முன்பே படித்த உரையாடலை வரிக்கு வரி திரும்பப் படித்து, நடுநடுவே "அப்போது நான் இப்படி நினைத்தேன்" என்று வரும் பின்குறிப்புகளையும் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். மூலத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் சொத்துத் தகராறு. கூடத்தில் மூன்று பக்கத்துக்கு வாக்குவாதம். "இனி இந்த வாசப்படியை மிதிக்காதே" என்கிறான் அண்ணன். தம்பி வெளியேறுகிறான். துணைக்கதையை அண்ணி சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான் இப்படி எழுதுவேன்:

"குழந்தைக்கு அனல் மாதிரி காய்ந்தது. ஈரத்துணியை மாற்றும்போது கூடத்தில் சத்தம் ஏறியது. இவர் குரல் அப்படி ஏறினால் இனி இறங்காது என்று எனக்குத் தெரியும். குழந்தையின் காதைப் பொத்தினேன். 'மிதிக்காதே' என்ற ஒரு சொல் மட்டும் கதவைத் தாண்டி வந்தது. எதை என்று புரியவில்லை. நான் எழுந்து போனபோது கூடத்தில் இவர் மட்டும் நின்றிருந்தார். வாசலில் தம்பியின் செருப்பு கிடந்தது. மழை பெய்திருந்த மண்ணில் வெறுங்கால் தடம் தெரு வரை போயிருந்தது. செருப்பை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். யாரும் கேட்கவில்லை."

மூன்று பக்க வாக்குவாதத்திலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்திருக்கிறது. மூலம் படித்தவருக்கு மிச்சம் தானாக நினைவுக்கு வரும். கதவுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் செருப்பு மூலத்தில் இல்லாத பொருள். இனி அது இந்தக் கதையின் சொத்து. பத்து வருடம் கழித்து அண்ணன் தம்பி மூலத்தில் சமாதானம் ஆகும்போது, அண்ணி அதை என்ன செய்தாள் என்ற கேள்வி நமக்கு இருக்கும்.

வசனங்களை அப்படியே வைத்துக்கொண்டு வென்றவர்களும் இருக்கிறார்கள். ஹாம்லெட்டின் இரண்டு பழைய நண்பர்களை நாயகர்களாக்கி டாம் ஸ்டாப்பார்ட் எழுதிய நாடகம் 1966-ல் முதலில் மேடையேறியது. மூலக் காட்சிகள் குறுக்கிடும் இடங்களில் அதில் ஷேக்ஸ்பியரின் வரிகளே வருகின்றன. அந்த இருவருக்கும் என்ன நடக்கிறதென்று பிடிபடவில்லை என்பதுதான் அங்கே விஷயம். அதனால் அந்த வரிகள் அவர்கள் மேல் வந்து விழுகிற மாதிரி இருக்கின்றன. உங்களிடமும் அப்படி ஒரு காரணம் இருந்தால் தாராளமாக வையுங்கள்.

முடிவு எல்லோருக்கும் தெரியுமே, சுவாரசியம் எங்கிருந்து வரும்?

யார் சாவார், யார் ஜெயிப்பார் என்பதிலிருந்து வராது. அதை எதிர்பார்த்து ஒளித்து வைக்கவும் வேண்டாம். வாசகருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது என்ற வித்தியாசம்தான் இங்கே பதற்றத்தை உண்டாக்குகிறது. கோவலன் சாயங்காலம் வந்துவிடுவான் என்று ஐயை இரவுச் சமையலுக்கு எதையாவது எடுத்துவைத்தால், நமக்கு வயிற்றைப் பிசையும். அவளுக்கு அது சாதாரண வேலை. ஆகவே மூலத்தின் பெரிய சம்பவம் நெருங்க நெருங்க, துணைப்பாத்திரத்தை அவருடைய சொந்த வேலையில் மும்முரமாக வைத்திருங்கள்.

அதோடு, அவருடைய சொந்தக் கதையின் முடிவு யாருக்கும் தெரியாது. அதைத்தான் கடைசி வரை காப்பாற்ற வேண்டும்.

தன்மையில் எழுதுவதா, படர்க்கையிலா?

தன்மை எளிது என்று நினைத்துப் பலர் தொடங்குகிறார்கள். மூலத்தில் அந்த ஆள் பேசிய நாலு வரியிலிருந்து முழு நடையையும் வளர்க்க முடியுமா என்று முதலில் பாருங்கள். மூலத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுபவர், உங்கள் கதையில் பக்கம் பக்கமாக மனசைத் திறந்து கொட்டினால் அது வேறு ஆள். அப்படிப்பட்டவருக்குப் படர்க்கை நல்லது. மூலத்தில் வாயே திறக்காதவர் என்றால் இரண்டும் சரி.

கெட்டவரை நல்லவராக்கி எழுதலாமா?

எழுதலாம், நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆனால் அவர் செய்த கொடுமைக்கு ஒரு சோகமான சிறுவயதைக் காரணமாகக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. மூலத்தில் அவரால் அடிபட்டவருக்கு அது அநியாயம். கெட்டவரின் நியாயம் அவருக்கு நியாயமாகவே படட்டும். வாசகர் அதைக் கேட்டுவிட்டு, மறுபடியும் அவர் செய்ததைப் பார்க்கட்டும். வெள்ளையடிக்கும் வேலை நமக்கு வேண்டாம்.

இதைவிட எனக்கு நெருக்கமானது, மூலம் ஆளாகவே மதிக்காதவர்களை எழுதுவது. ஆல்பர் காம்யுவின் 'அந்நியன்' 1942-ல் வந்தது. அதில் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்படும் அரபு மனிதனுக்குப் பெயரே கிடையாது. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013-ல் வெளியிட்ட நாவலில், செத்தவனின் தம்பி ஹாருன் வயதான காலத்தில் உட்கார்ந்து பேசுகிறான். அண்ணன் பெயர் மூசா என்கிறான். எழுபது வருடம் உலகம் முழுக்கப் படித்த புத்தகத்தில் இல்லாத பெயர் அது. அதற்கு அப்புறம் காம்யுவின் நாவலைப் பழைய மாதிரி படிக்க என்னால் முடியவில்லை.

மூலத்தைப் படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டுமா?

புரிய வேண்டும். அதற்காக முதல் அத்தியாயத்தில் கதைச்சுருக்கம் போடாதீர்கள். துணைப்பாத்திரத்துக்கு எப்போது எது தெரியவருகிறதோ, அப்போது வாசகருக்கும் தெரிந்தால் போதும்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

சிறுகதை அளவிலேயே பல நல்ல துணைக்கதைகள் முடிந்துவிடுகின்றன. நாவலாக்க வேண்டுமானால், மூலக்கதை நிகழாத நாட்களிலும் அந்தப் பாத்திரத்துக்கு வாழ்க்கை இருக்க வேண்டும்.

என் சொந்த நாவலுக்கே துணைக்கதை எழுதுகிறேன். எதில் கவனம் வேண்டும்?

உரிமைச் சிக்கல் இல்லாதது உங்கள் அதிர்ஷ்டம். சிக்கல் வேறிடத்தில் வரும். பழைய நாவலை எழுதியபோது மனசில் இருந்ததும், அச்சில் வந்ததும் உங்களுக்குக் கலந்துவிடும். அதனால் நினைவை நம்பாமல் அச்சுப் பிரதியை எடுத்து வைத்து ஒரு அட்டவணை போடுங்கள். அத்தியாயம், நாள், நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், உங்கள் புதிய நாயகர் அப்போது எங்கே, அவருக்கு அதுவரை என்ன தெரியும் என்று வரிசையாக எழுதுங்கள். கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதில் காலியாக இருக்கும் நாட்கள்தான் புதுக்கதைக்கு இடம்.

ஆர்சன் ஸ்காட் கார்ட் 1985-ல் 'எண்டர்ஸ் கேம்' வெளியிட்டார். எண்டர் என்ற சிறுவன் போர்ப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வளரும் கதை அது. 1999-ல் அதே பயிற்சிப் பள்ளியின் கதையை பீன் என்ற சின்னப் பையன் பக்கத்திலிருந்து 'எண்டர்ஸ் ஷேடோ' என்று எழுதினார். பழைய நாவலில் எண்டரின் கீழே இருந்த குள்ளப் பையன் பீன். புதியதில் தெருவில் பசியோடு அலைந்தவனாகத் தொடங்குகிறான். பள்ளிக்கு வருவதற்கு முந்தைய அந்த வாழ்க்கை கைவசம் இருப்பதால்தான், தெரிந்த சம்பவங்களுக்கு வரும்போது நாம் எண்டரைத் தேடுவதில்லை.

வேறொருவர் கதைக்கு எழுதினால் சட்டப் பிரச்சினை வருமா?

வரலாம். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். 1960-ல் இறந்தவர் என்றால் 2020 டிசம்பர் முடியும்வரை. ஐரோப்பிய நாடுகளில் 70 ஆண்டுகள். அதுவரை தழுவி எழுதும் உரிமையும் உரிமையாளரிடம்தான் இருக்கும். காப்பியங்கள், புராணங்கள் யாருக்கும் பொது. ஆனால் அவற்றின் இன்றைய மொழிபெயர்ப்புக்கும் மறுகூறலுக்கும் தனி உரிமை உண்டு. ஒரு நவீன நாவலாசிரியர் தன் கற்பனையில் சேர்த்த கிளையைக் காப்பியத்தில் இருந்தது என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள்.

அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. மார்கரெட் மிட்செலின் 1936-ம் வருட நாவலான 'கான் வித் த விண்ட்' கதையை, அந்த வீட்டில் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த மகளின் குரலில் ஆலிஸ் ராண்டல் 2001-ல் எழுதினார். மிட்செல் தரப்பு கேட்டுக்கொண்டபடி கீழ்நீதிமன்றம் தடை விதித்தது. அதே ஆண்டில் மேல்முறையீட்டில் தடை நீங்கியது. மூலத்தை விமர்சிப்பதற்காக அதிலிருந்து எடுத்தாண்டது என்ற வாதத்துக்கு அங்கே எடை இருந்தது. அடுத்த ஆண்டு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. இதை வைத்து நமக்கும் அப்படித்தான் என்று முடிவு கட்ட வேண்டாம், நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆசிரியர் உயிரோடு இருந்தால் கேட்டுவிடுங்கள். காசு வாங்கப் போவதில்லை என்பதால் மட்டும் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது.

எப்போது இந்த வேலையைத் தொடவே கூடாது?

மூலக்கதையை விட்டுப் பிரிய மனமில்லை என்பது மட்டுமே காரணமாக இருந்தால். அப்போது இன்னொரு முறை மூலத்தையே படியுங்கள், அதில் தவறில்லை.

எழுதி முடித்ததும் யாரிடம் காட்டுவது?

இரண்டு பேரிடம். ஒருவர் மூலத்தை நன்றாகப் படித்தவர், இன்னொருவர் படிக்கவே படிக்காதவர். முதலாமவரிடம் "எங்கே அலுப்பு வந்தது?" என்று கேளுங்கள். அவர் காட்டும் இடங்களில் பெரும்பாலும் நீங்கள் மூலத்தைத் திரும்பச் சொல்லியிருப்பீர்கள். இரண்டாமவரிடம் "இது யாருடைய கதை?" என்று மட்டும் கேளுங்கள். அவர் உங்கள் பாத்திரத்தின் பெயரைச் சொன்னால் பிரதியை அனுப்பலாம். மூலக்கதை நாயகனின் பெயரைச் சொன்னால் திரும்ப உட்காருங்கள், அந்த நாயகன் பேசும் பக்கங்களை எண்ணிப் பாருங்கள், அவற்றில் பாதியை வெட்டுவதிலிருந்து தொடங்குங்கள்.